பேய் மட்டும்தான் யோக்கியம்

எங்கள் வீட்டு டிவியில் எல்லோரும் பச்சை. செய்தி வாசிக்கிறவர் பச்சை, சோப்பு விளம்பரத்துக் குழந்தை பச்சை, கதாநாயகி பச்சை, பேயும் பச்சை. பேய்ப் படத்தில் யார் பேய் என்பதைப் பல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா சுமை தூக்குகிறவர். வீடு மாற்றுகிற ஒரு குடும்பத்தின் சாமான்களை லாரியில் ஏற்றும்போது, "இதைத் தூக்கிப் போட்டுடுங்க" என்று அவர்கள் காட்டிய பெட்டியை, தூக்கினார், போடவில்லை. அப்படி வந்த டிவி அது. முன்பக்கக் கண்ணாடி பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி உருண்டு நிற்கும். நாலு பேர் நீட்டிப் படுக்க முடியாத அறையில் அதற்கு மட்டும் ஒரு மேஜை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேய்ப் படம் போடுவார்கள். பேயை ஏன் பட்டப்பகலில் விடுகிறார்கள் என்று அண்ணன் கேட்டபோது அப்பா சொன்னார்: "அதுக்கும் நைட் ஷிஃப்டுடா. பகல்லதான் வீட்டுக்கு வர முடியும்."

எல்லாம் வேற்றுமொழிப் படங்கள். தமிழில் குரல் கொடுத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு பெரிய வீடு, ஆளை விட உயரமான கதவுகள், கீழறைக்கு இறங்கும் படிக்கட்டு. போகாதே போகாதே என்று நாங்கள் கத்தக் கத்த ஒருத்தி விளக்கை எடுத்துக்கொண்டு போவாள். நானும் அண்ணனும் ஒரே போர்வைக்குள். அண்ணனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். போர்வை அவன் தலைக்கு வந்தால் காலுக்கு வராது. பேய் முதலில் காலைத்தான் பிடிக்கும் என்று நான் சொல்லி வைத்திருந்ததால், தலையை வெளியே விட்டுக் காலை மூடிக்கொண்டு முழுப் படத்தையும் கண்ணைத் திறந்தபடி பார்த்து நடுங்குவான்.

ஆனால் எங்கள் வீட்டில் ஓடியது ஒரே படமாக இருந்ததில்லை. இரண்டு படம் ஓடும். ஒன்று காதுக்கு, இன்னொன்று கண்ணுக்கு. இதைப் புரிந்துகொள்ள அம்மாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவும், அம்மாவின் தங்கையான என் சித்தியும் நெசவு மில்லில் தறி ஓட்டினார்கள். ஒரு கொட்டகையில் நூற்றுக்கணக்கான தறி. உள்ளே நின்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அந்த இரைச்சலில் வருஷக்கணக்கில் நின்றால் காது போகும். அம்மாவுக்கு ஒரு காது பாதி போயிருந்தது. காதில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு எடுத்தால் மில்லில் அது திருட்டு. பஞ்சாலே பிழைக்கிற இடத்தில் காதுக்குப் பஞ்சு கிடையாது. ஆகவே அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். வாயை நன்றாக விரித்து, உதட்டை இழுத்து, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். இந்தக் கோடியில் இருப்பவள் அந்தக் கோடியில் இருப்பவளிடம் மாமியாரைப் பற்றி மணிக்கணக்கில் புலம்பலாம். தறிப்பேச்சு என்று அதற்குப் பெயர்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. தெருமுனையில் நிற்கும் என்னை அம்மா வாசலில் நின்றபடியே சத்தமில்லாமல் திட்டுவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் இந்த அம்மாளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை அம்மாவும் சித்தியும் தறிப்பேச்சில் பேசுவார்கள். அதனாலேயே நானும் ஏணியும் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டோம். கொஞ்சம் குழப்பமும் உண்டு. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும். பாப்பா வருது என்றால் மாமா வருகிறாரோ என்று எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட பெண்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, வேற்று மொழி பேசும் வாய்க்குத் தமிழ்க் குரல் கொடுத்த படத்தைப் பார்த்தால் என்ன ஆகும்?

"இந்த டாக்டர் புளுகுறான்" என்பாள் அம்மா. "'பயப்படாதீங்க, நான் இருக்கேன்'னு சத்தம் வருது. வாய் அப்படிச் சொல்லல."

"வாய் என்னக்கா சொல்லுது?" என்பாள் சித்தி.

"'மாவு இல்ல, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லுது."

"மாவு இல்லக்கா, பாவம். 'பாவம், வீட்டுக்குப் போ'."

"ரெண்டுல எதா இருந்தாலும் 'நான் இருக்கேன்' இல்லல்ல? அப்புறம்?"

பக்கத்து வீட்டுக் கேண்டீன் அக்காவும் தவறாமல் வந்துவிடுவாள். மில் கேண்டீனில் டீ போடுகிறவள். ஆர்டர் எல்லாம் வாயைப் பார்த்தே எடுத்து எடுத்து அதில் அவள் அம்மாவையே மிஞ்சினவள். "அந்தப் புருஷன்காரனைப் பாரு," என்று ஆரம்பிப்பாள். "'உன்ன விட்டுப் போக மாட்டேன்'னு உருகுறான். வாய் 'பேப்பர் வாங்கப் போறேன்'னு சொல்லுது. இவனை நம்பி இவ கீழ இறங்குறா பாரு, கூறு கெட்டவ."

படத்தில் உள்ள அத்தனை பேரும் பொய்யர்கள். டாக்டர், வக்கீல், புருஷன், வேலைக்காரி எல்லோருக்கும் வாய் ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். கடைசியில் பேய் வரும். வாயைத் திறந்து "ஆஆஆ" என்று அலறும். வாயும் ஆ, குரலும் ஆ.

"பார்த்தியா," என்பாள் அம்மா திருப்தியாக. "படத்துலயே பேய் மட்டும்தான் யோக்கியம்."

நாங்களும் பேய் பக்கம்தான். பேய் யாரைப் பிடித்தாலும் அவனுக்கு வேண்டும் என்றே இருந்தோம். பின்னாளில், குரல் கொடுக்கிறவர்கள் தனி ஆட்கள் என்று அம்மாவிடம் விளக்கினேன். "நான்தான் அப்பவே சொன்னேனே, வேற எவனோ பேசுறான்னு" என்று முடித்துவிட்டாள்.

மனுஷர்களையும் அம்மா இப்படித்தான் எடை போட்டாள். சூப்பர்வைசர் வாயால் 'சீக்கிரம் முடிங்கம்மா' என்று கொட்டகைக்குள் கெஞ்சுவான், வெளியே வந்து குரலால் நாய் மாதிரி விழுவான். அதிலிருந்து அவளுக்கு ஒரே விதி. வாயும் குரலும் ஒன்றாகப் போகிறவனைத்தான் நம்பலாம்.

இந்த விதியில்தான் ஃபிட்டர் மாட்டிக்கொண்டார்.

மில்லில் தறிகளைப் பழுது பார்க்கிறவர் அவர். வாயை முழுக்க மூடின மீசை. கொட்டகைக்குள் அவர் என்ன பேசுகிறார் என்று ஒருத்திக்கும் தெரியாது. வெளியே வந்தால் பேசவே மாட்டார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். சில மாதங்களாகச் சித்தியின் தறியருகே வந்து நிற்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மீசை மேலும் கீழும் அசையும். நூல் அறுந்திருக்கிறது என்று சொல்கிறார்போல என்று சித்தி தறியைப் பார்ப்பாள். ஒரு நூலும் அறுந்திருக்காது. மறுபடி நிமிர்ந்தால் ஆள் போயிருப்பார்.

"தினமும் வந்து என் தறில ஏதோ கோளாறுங்கிறாரு," என்று சித்தி வீட்டில் குறைப்பட்டுக்கொண்டாள். "பார்த்தா ஒண்ணுமே இல்ல."

கேண்டீன் அக்கா வாயில் டீயோடு சிரித்து, டீயை மூக்கால் விட்டாள். "கோளாறு தறில இல்லடி."

சித்தி அன்றைக்குச் சிவந்தாள். அதன் பிறகு தறியைப் பார்ப்பதை விட்டு மீசையைப் பார்க்க ஆரம்பித்தாள். ஆனாலும் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்கள் போன பிறகு சித்தியை வளர்த்தவள் அவள். "மீசைக்குள்ள வாய் இருக்கான்னே தெரியல. வெளியில வந்தா ஊமை. என்னத்த நம்பி?"

"எனக்குப் பிடிச்சிருக்குக்கா."

"எதைப் பிடிச்சிருக்கு? மீசையையா?"

"கேக்கட்டும். அவரு என்னைக் கேட்டா சொல்றேன்."

"கேக்கட்டும், கேக்கட்டும். கேட்டாத்தானே."

அப்போதுதான் கம்பெனி வேறொரு ஊரில் புது மில் திறந்தது. ஃபிட்டரை அங்கே மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை பஸ் ஏறுகிறார் என்று செய்தி வந்தது. சித்தி சனிக்கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. அவள் யாரிடமும் போய் எதையும் கேட்கிற ஜாதி இல்லை. அவர் கேட்பாரா, கேட்காமலே பஸ் ஏறிவிடுவாரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ள மீதி இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்குக் காலையிலேயே டிவியில் படம் மேலே மேலே உருண்டு ஓட ஆரம்பித்தது. தலை கீழே, கால் மேலே. ஏணி கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்பினான்.

"வருதா?"

"வரல!"

"இப்ப?"

"இப்பவும் உருளுதுடா! தலை சுத்துது!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஃபிட்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

"அவரு தறி ஃபிட்டரு. டிவிக்கும் அவருக்கும் என்ன?" என்றாள் அம்மா.

"உருளுறதெல்லாம் ஃபிட்டர் வேலைதான்" என்றார் அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். சித்தி சமையல் மூலையில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

படம் தொடங்கும் நேரத்துக்கு அப்பா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூக்குக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் வெயிலே படாமல் வெளுத்திருந்தது. புதிதாய் வெட்டுப்பட்ட இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"யாருங்க வேணும்?" என்றாள் அம்மா.

கேண்டீன் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, மீசையோட மீசைய யாரு எடுத்துட்டுப் போனது?"

ஃபிட்டர் மாமா காது வரை சிவந்து, நேராக டிவிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பின்பக்கத்தில் ஏதோ ஒரு குமிழைத் திருகினார். ஓடிக்கொண்டிருந்த பச்சை மனிதர்கள் சட்டென்று காலில் நின்றார்கள். நாங்கள் கை தட்டினோம்.

"உட்காருங்க தம்பி. படம் பார்த்துட்டுப் போங்க" என்றார் அப்பா. சொன்ன கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். வாரமெல்லாம் மூட்டை தூக்கினவருக்குப் பேய் ஒரு பொருட்டில்லை.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது முக்கியம். டிவிக்கு நேர் எதிரே போர்வைக்குள் நானும் ஏணியும். எங்கள் பின்னால் அம்மாவும் கேண்டீன் அக்காவும். எல்லோருக்கும் பின்னால், புழுக்கத்துக்காகத் திறந்து வைத்த வாசல் கதவோரம் ஃபிட்டர் மாமா, வெயில் முகத்தில் விழ. சித்தி மட்டும் பக்கவாட்டில், சமையல் மூலையில். அவளுக்கு டிவி தெரியாது. அவர் முகம் தெரியும்.

படம் நல்ல படம். ஒரு பெரிய வீடு, அதில் ஒரு டாக்டர், ஏராளமான பொய். பாதியில் வழக்கம்போல ஒருத்தி விளக்கை எடுத்துக்கொண்டு கீழறைக்கு இறங்கினாள். காற்று அடித்தது. விளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டும் போகவில்லை, பேயும் வரவில்லை. ஏணி என் கையை நெரித்தான்.

அப்போது அந்த இருட்டில், உருண்ட கண்ணாடிக்குள், வெளிச்சமாக ஒரு முகம் வந்தது. வீங்கின மூக்கு, மூக்குக்குக் கீழே வெள்ளைப் பட்டை. வாய் அசைந்தது.

கேண்டீன் அக்கா முன்னால் குனிந்தாள். "ஏதோ கேக்குதுடி. 'என்கூட வர்றியா'ங்குது!"

நானும் ஏணியும் போட்ட அலறலில் அப்பா துள்ளி எழுந்து, மூட்டை விழுந்துவிட்டதாக நினைத்து இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

"சும்மா இருங்க எல்லாரும்!" என்றாள் அம்மா. "இன்னும் பேசுது. 'உங்க அக்காகிட்ட நான் கேக்குறேன்.' பேய்க்கு யாருடி அக்கா?"

"'புது மில்லு'... இல்ல, 'புது பில்லு'... மில்லுதான். 'புது மில்லுல உனக்கும் தறி வாங்கித் தரேன்.'" கேண்டீன் அக்கா நிமிர்ந்தாள். "இந்தப் பேய் எந்த மில்லுடி?"

"அக்கா," என்றேன் நான், "வாய் மட்டும் பேசுது. குரலே வரலையே."

அம்மா மெதுவாகத் திரும்பினாள். பிறகு கேண்டீன் அக்கா. பிறகு நாங்கள். கடைசியாக அப்பா, கை இன்னும் மேலேயே இருந்தது.

ஃபிட்டர் மாமா வாய் திறந்தபடி உறைந்துவிட்டார். வாசல் வெயில் விழுந்த அவர் முகம்தான் இருண்ட கண்ணாடியில் தெரிந்திருக்கிறது. எல்லோர் கண்ணும் படத்தில் இருக்கும், சித்திக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துத்தான் அவர் பேசியிருக்கிறார். மில்லில் பாதி வாழ்க்கை கழித்தவர், தறி ஓட்டும் பெண்கள் நிறைந்த அறையில் ரகசியம் பேச முடியும் என்று நம்பினார். சித்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என்ன ஆச்சு? பேய் என்ன கேக்குது?" என்றார் அப்பா.

"நம்ம வீட்டுல பொண்ணு கேக்குது" என்றாள் கேண்டீன் அக்கா.

அம்மா எழுந்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "தம்பி, வாயால கேட்டீங்க, பார்த்தோம். எல்லாருமே பார்த்தோம். இப்பக் குரலால கேளுங்க."

அவர் எழுந்து நின்றார். "எ..." என்றார். "எ... எ... என்..."

நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி, "என்... க்... க்..." என்று தடுக்கியது. அவருக்குத் திக்குவாய் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொட்டகை இரைச்சலுக்குள் மட்டும், சத்தம் தேவையில்லாத அந்தப் பேச்சில் மட்டும்தான், அவருக்குத் தடங்கலே இல்லை. அங்கேதான் மாதக்கணக்காக, மீசைக்குப் பின்னாலிருந்து, தங்குதடையில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இவள் நூல் அறுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் வாயைப் பார்த்துக் காத்திருக்கத் தெரியும். அம்மா கண்ணை அவர் உதட்டிலிருந்து எடுக்கவே இல்லை. "என்... கூட... வ... வ... வர்..." ஒவ்வொரு எழுத்தாக, கல்லை நெம்புகிற மாதிரி, அவர் முழுதாகச் சொல்லி முடித்தார். சட்டை நனைந்துவிட்டது.

அம்மா கேண்டீன் அக்காவைப் பார்த்தாள். "பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வாய் நிக்கிற இடத்துலதான் குரலும் நிக்குது."

"ஒரு இம்மி பிசகல" என்றாள் கேண்டீன் அக்கா, சர்ட்டிபிகேட் எழுதுகிறவள் மாதிரி.

"அப்ப சரி," என்று அம்மா ஆரம்பித்தாள். "எங்களுக்குச் சம்மதம்..."

"இரு," என்றாள் சித்தி. "கேட்டது என்னை."

கரண்டியைக் கீழே வைத்தாள். நடு அறைக்கு வந்தாள். சத்தமில்லாமல் பேசியே பழகினவளுக்கு அன்று குரல் தெருவரைக்கும் கேட்டது. "புது மில்லுல எந்த ஓரத் தறி?"

ஃபிட்டர் மாமா விழித்தார். "ஜ... ஜன்..."

"ஜன்னலோரமா?"

தலையை ஆட்டினார்.

"ஜன்னல் திறக்குமா, இங்க மாதிரி ஆணி அடிச்சு வச்சிருப்பாங்களா?"

"தி... திறக்கும். நா... நானே திறந்து பார்த்தேன்."

"எப்பப் பார்த்தீங்க?"

"போ... போன வாரம். உ... உனக்காகத்தான் போ... போய்ப் பார்த்தேன்."

சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மீசை இல்லாத அந்த முகத்தை அவள் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்க்கிறாள். "வரேன்," என்றாள். "நாளைக்கு இல்ல. இங்க சொல்லிட்டு, கணக்கு முடிச்சுட்டு. நீங்க போய் ஜன்னலப் பார்த்துக்கோங்க. வேற எவளாச்சும் பிடிச்சிடப் போறா."

அப்பா ஒரு வழியாகக் கையைக் கீழே இறக்கினார். "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

"டிவிக்குன்னு சொன்னீங்க" என்றாள் அம்மா.

"டிவியும்தான் ஓடுது."

ஏணி சத்தத்தைக் கூட்டினான். கீழறையில் மறுபடி விளக்கு எரிந்தது. நாங்கள் கவனிக்காத நேரத்தில் பேய் வந்து யாரையோ பிடித்துவிட்டுப் போயிருந்தது. டாக்டரா வேலைக்காரியா என்று நானும் அவனும் சண்டை போட ஆரம்பித்தோம். அம்மா டீ போட்டாள். ஃபிட்டர் மாமா நின்றபடியே சூடாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பஸ்ஸுக்குச் சாமான் கட்ட வேண்டும் என்று கையால் காட்டினார். சித்தி செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க?" என்றாள் அம்மா.

"தெருமுனை வரைக்கும்."

இருவரும் வெளியே இறங்கி நடந்தார்கள். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சித்தி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அவர் தலை அதற்கு ஏற்ற மாதிரி அசைந்தது. இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னடி பேசிக்கிறாங்க?" என்றாள் அம்மா.

"முதுகு தெரியுது," என்றாள் கேண்டீன் அக்கா உள்ளேயிருந்து. "முதுகை எவ படிச்சா? வா வா, டாக்டர் மறுபடி வாயைத் திறக்கிறான்."

அம்மா வரவில்லை. அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.